லாம்ப் புரொஜெக்டரா, லேசரா? வீட்டில் பெரிய திரை போட நினைப்பவர்களுக்கு

புதுசாக வீடு கட்டுகிறவர்கள் மாடியில் ஓர் அறையைச் சினிமாவுக்கென்றே ஒதுக்குவதை நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கமெல்லாம் இப்போது பார்க்க முடிகிறது. சுவரில் வயர் இழுத்தாச்சு, ஸ்பீக்கர் பார்த்தாச்சு, அதுக்கப்புறம் வருகிற கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அண்ணே, பழைய லாம்ப் புரொஜெக்டர் ஒண்ணு நல்ல விலைக்கு வருது, எடுக்கலாமா? இல்ல கொஞ்சம் பொறுத்து லேசரே வாங்கிரலாமா?"

கேட்க ஒரே கேள்வி மாதிரி இருந்தாலும் இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. வெளிச்சம் எதிலிருந்து வருகிறது, அந்த வெளிச்சத்தை எது படமாக்குகிறது, அந்தப் படத்தில் எத்தனை புள்ளி. இந்த மூன்றும் ஒரே வேகத்தில் பழசாகவில்லை. ஒன்றில் பத்து வருஷத்துக்கு முந்தைய சாமான் இன்றைக்கும் தலைநிமிர்ந்து நிற்கும், இன்னொன்றில் கண்டிப்பாகப் புதுசுதான் நல்லது. பெட்டியில் போட்டிருக்கும் வருஷத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் அறை எவ்வளவு இருட்டாகும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் படம் ஓடும், இந்த இரண்டும் தெரிந்தாலே பாதி முடிவு ஆகிவிடும்.

வெளிச்சத்திலிருந்தே ஆரம்பிப்போம், ஏனென்றால் பழசு, புதுசு என்று எல்லோரும் பேசுவது பெரும்பாலும் இதைத்தான்.

லாம்ப் என்பது உயர் அழுத்தப் பாதரச விளக்கு. 1990களின் நடுவில் பிலிப்ஸ் கொண்டுவந்தது. விரல் நுனி அளவுள்ள குவார்ட்ஸ் குமிழுக்குள் பாதரச ஆவி, எரியும்போது உள்ளே காற்றழுத்தத்தைப் போல சுமார் 200 மடங்கு அழுத்தம். அதனால்தான் அவ்வளவு சின்ன இடத்திலிருந்து அவ்வளவு வெளிச்சம் வருகிறது, அதனால்தான் அவ்வளவு சூடும். இதன் ஆயுள் என்று கம்பெனிகள் போடுவது சாதாரணமாக 3000 முதல் 5000 மணி நேரம், வெளிச்சத்தைக் குறைத்து ஓட்டுகிற எக்கோ மோடில் இன்னும் கொஞ்சம் கூடும். ஆயுள் முடிந்தது என்றால் லாம்ப் அணைந்துவிடும் என்று அர்த்தமில்லை, வெளிச்சம் பாதியாகக் குறைந்துவிட்டது என்றுதான் அர்த்தம். அந்தக் குறைவும் சீராக நடக்காது. முதல் சில நூறு மணி நேரத்திலேயே கணிசமாக இறங்கி, அப்புறம் மெதுவாகத் தேயும். தினமும் பார்க்கிற உங்களுக்கு அது தெரியவே தெரியாது, புது லாம்ப் மாட்டுகிற அன்றைக்குத்தான் "இவ்வளவு மங்கலாவா பாத்துட்டிருந்தோம்" என்று தோன்றும்.

லேசரில் பாதரசம் கிடையாது. பெரும்பாலான மாடல்களில் இருப்பது நீல லேசர் மட்டும்தான். அது பாஸ்பர் என்ற ஒளிரும் பொருள் பூசின ஒரு சக்கரத்தில் பட்டு மஞ்சள் ஒளியாகிறது, அந்த மஞ்சளிலிருந்து சிவப்பையும் பச்சையையும் பிரித்து எடுக்கிறார்கள். விலை கூடின மாடல்களில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி லேசர் உண்டு. நிறம் பிரமாதமாக இருக்கும், ஆனால் வெள்ளைப் பரப்பில் பொடிப்பொடியாக ஒரு மினுமினுப்பு சிலர் கண்ணுக்குத் தெரியும். அதைக் கடையில் நேரில் பார்க்காமல் வாங்க வேண்டாம். லேசரின் ஆயுள் வழக்கமாக 20,000 மணி நேரம் என்று போடுவார்கள், இதுவும் பாதி வெளிச்சத்துக்கு வரும் கணக்குதான்.

நடுவில் எல்இடி. ஆயுளும் லேசர் மாதிரியே, சத்தமும் சூடும் கம்மி, ஆனால் வெளிச்சம் குறைவு. இணையத்தில் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிற குட்டிப் பெட்டிகள் கிட்டத்தட்ட எல்லாமே இந்த வகைதான். அவற்றைப் பற்றிக் கீழே சொல்கிறேன், சொல்ல நிறைய இருக்கிறது.

இப்போது கணக்குக்கு வருவோம். 20,000 எங்கே, 4000 எங்கே என்று பார்த்ததும் லாம்ப்பை ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் வாரத்துக்கு நான்கு படம், ஒரு படம் இரண்டரை மணி நேரம் என்று வைத்தால் வாரத்துக்கு 10 மணி, வருஷத்துக்கு 520 மணி. 4000 மணி நேர லாம்ப் ஏழரை வருஷம் வரும். 20,000 மணி நேர லேசர் 38 வருஷம் வரும், அதற்குள் அந்தப் பெட்டியின் மற்ற எல்லாப் பாகமும் போய்ச் சேர்ந்திருக்கும். படம் மட்டும் பார்க்கிறவருக்கு லேசரின் ஆயுள் ஒரு லாபமே இல்லை, கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி. அதுவே வீட்டில் டிவி கிடையாது, செய்தி, சீரியல், கிரிக்கெட் எல்லாமே புரொஜெக்டரில்தான் என்றால் கணக்கு தலைகீழாகும். தினம் 5 மணி நேரம் என்றாலே வருஷத்துக்கு 1825 மணி. இரண்டு வருஷத்துக்கு ஒரு லாம்ப் மாற்ற வேண்டிவரும், அந்தச் செலவைக் கூட்டினால் லேசர் மலிவாகத் தெரிய ஆரம்பிக்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. லாம்ப் போனால் இரண்டு மூன்று ஸ்குரூ கழற்றி நீங்களே மாற்றலாம், பழைய புரொஜெக்டர் வெளிச்சத்தில் புதுசாகிவிடும். லேசர் போனால் அப்படி முடியாது, சர்வீஸ் சென்டருக்குத்தான் தூக்க வேண்டும், வாரண்டி தாண்டியிருந்தால் அவர்கள் சொல்கிற விலைக்குப் புதுசே பார்க்கலாம் என்று தோன்றும். ஆகவே செகண்ட் ஹேண்டில் வாங்குவதாக இருந்தால் லாம்ப் புரொஜெக்டர்தான் எனக்குத் தைரியம், ஓடிக் களைத்த லேசரை யாரிடமிருந்தும் வாங்க மாட்டேன்.

லேசர் உண்மையிலேயே தன் விலையை நியாயப்படுத்துகிற இடம் ஒன்று இருக்கிறது, அது நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காகவே அமைந்த மாதிரி: கரண்டு. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அது முடிந்து மூச்சு விடுவதற்குள் அக்டோபரில் வடகிழக்கு, இரண்டு மழையும் பெய்கிற ஊர் இது. காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே தென்னை மட்டையோ ரப்பர் கிளையோ லைன் மேல் விழுந்து, கரண்டு போய் வந்து போய் வரும். லாம்ப்புக்கு இது ஆகவே ஆகாது. நீங்கள் முறையாக அணைத்தால் லாம்ப் அணைந்த பிறகும் ஃபேன் மட்டும் ஓடி அந்தச் சூட்டை வெளியேற்றும், சத்தம் அடங்கின பிறகுதான் பிளக்கில் கை வைக்க வேண்டும். கரண்டு திடீரென்று போனால் ஃபேனும் சேர்ந்து நின்றுவிடும், சூடு உள்ளேயே தங்கும், லாம்ப்பின் ஆயுள் குறையும். அதோடு கரண்டு உடனே திரும்பி வந்தாலும் லாம்ப் உடனே எரியாது, உள்ளே அழுத்தம் இறங்குகிற வரைக்கும் சில நிமிஷம் காத்திருக்க வேண்டும். கிளைமாக்ஸில் அந்தச் சில நிமிஷம் எவ்வளவு நீளம் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். லேசரும் எல்இடியும் கரண்டு வந்ததும் சில நொடியில் வெளிச்சம் தந்துவிடும்.

லாம்ப் புரொஜெக்டர்தான் என்று முடிவு செய்தால் அதன் விலையிலேயே ஒரு யுபிஎஸ்ஸையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் போதுமா என்றால், அதன் பின்பக்கம் யுபிஎஸ் மோட் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அதைப் போட்டிருந்தால் கரண்டு மாறும் நேரம் குறையும், புரொஜெக்டர் அணையாமல் தாக்குப்பிடிக்க வாய்ப்பு அதிகம். சாதா மோடில் அணைந்துவிடலாம்.

சரி, எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? இங்கேதான் ஆளாளுக்கு ஏமாறுகிறார்கள். 100 அங்குலத் திரை என்றால் மூலைக்கு மூலை 100 அங்குலம். அகலம் 87 அங்குலம், அதாவது 7 அடிக்குக் கொஞ்சம் மேல், உயரம் 4 அடி. பரப்பு கிட்டத்தட்ட 30 சதுர அடி. தியேட்டர்களுக்கு வைத்திருக்கும் வெளிச்ச அளவுகோலின்படி, சாதா வெள்ளைத் திரையில், சதுர அடிக்கு 16 லூமன் (வெளிச்சத்தை அளக்கிற அலகு) விழுந்தால் போதும். பெருக்கிப் பாருங்கள், 480 லூமன். அவ்வளவுதான்! நன்றாக இருட்டாக்கின அறையில் 500 உண்மையான லூமன் இருந்தாலே தியேட்டர் வெளிச்சம் வந்துவிடும். பழைய லாம்ப் மாடல்கள் 2000 லூமன் என்று போட்டிருந்தால், நிறம் சரியாக இருக்கும் சினிமா மோடில் அதில் பாதி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள், லாம்ப் தேய்ந்து அதிலும் பாதி ஆனால்கூட 500 மிச்சம். இருட்டு அறையில் பழசு தாக்குப்பிடிக்கிற ரகசியம் இதுதான்.

ஹால் என்றால் கதை வேறு. ஜன்னல் ஸ்கிரீனை மீறி வரும் மதிய வெளிச்சம், சமையலறை டியூப் லைட், வெள்ளைச் சுவர் எல்லாம் சேர்ந்து திரையில் கறுப்பு இருக்க வேண்டிய இடத்தைச் சாம்பலாக்கிவிடும். புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது, கறுப்பு என்பது வெளிச்சம் விழாத இடம், அவ்வளவுதான். அங்கே 2500, 3000 லூமன் லேசர் தேவைப்படும், அதுவும் சுவரை ஒட்டி வைக்கிற குறுந்தூர மாடலோடு அதற்கான வெளிச்சம் தடுக்கும் திரையும் சேர்த்து வாங்கினால்தான் திருப்தி இருக்கும். ஓட்டு வீட்டில் ஓட்டிடுக்கு வழியாக வருகிற வெளிச்சத்தையும் கணக்கில் எடுங்கள், சாயங்காலம் வரைக்கும் அது விடாது. தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் உலகக் கோப்பைக் கால்பந்து வந்தால் திறந்தவெளியில் திரை கட்டுகிற ஆசையும் வரும். அதற்கு வீட்டுப் புரொஜெக்டரை எடுத்துப் போகாதீர்கள், தெருவிளக்கு ஒன்றே போதும் அதை அமுக்கிவிட.

அந்த மலிவு எல்இடி பெட்டிகள். "9000 லூமன்" என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அந்த எண்ணுக்கு எந்த அளவுகோலும் கிடையாது. நீங்கள் தேட வேண்டியது ஆன்சி லூமன் அல்லது ஐஎஸ்ஓ லூமன் என்ற சொல், அது இல்லாத எண்ணை எண்ணாகவே எடுக்க வேண்டாம். உண்மையில் அளந்தால் அவற்றில் பல 200, 300 லூமனைத் தாண்டாது. "4கே சப்போர்ட்" என்பதும் அப்படித்தான். 4கே சிக்னல் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும், காட்டுவது 1280க்கு 720 புள்ளியாக இருக்கும். "நேட்டிவ் ரெசல்யூஷன்" என்ற வரியைத் தேடிப் படியுங்கள், பெரும்பாலும் கடைசியில் பொடி எழுத்தில் இருக்கும். என் அபிப்பிராயத்தில், இருட்டு அறையில் வார இறுதிப் படம் பார்க்க, பெயர் தெரியாத புது எல்இடி பெட்டியைவிட, நல்ல கம்பெனியின் பழைய 1080பி (1920க்கு 1080 புள்ளி) புரொஜெக்டரும் ஒரு புது லாம்ப்பும் எவ்வளவோ மேல். புதுசு என்பதற்காக மட்டும் புதுசு வாங்குவதில் அர்த்தமில்லை.

இனி, வெளிச்சத்தைப் படமாக்குகிற பாகம். முந்தைய தலைமுறையில் சிவப்பு, பச்சை, நீலத்துக்கு ஒவ்வொன்றாக மூன்று பிக்சர் டியூப் வைத்த பெரிய பெட்டிகள் இருந்தன, கறுப்பு அபாரமாக இருக்கும், ஆனால் நான்கு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். அதை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். இப்போது போட்டி எல்சிடிக்கும் டிஎல்பிக்கும்தான். 3எல்சிடி என்பது எப்சன் வகையறா: வெள்ளை ஒளியை மூன்றாகப் பிரித்து, மூன்று சின்ன எல்சிடி பேனல் வழியாக அனுப்பி, மறுபடி ஒன்றாகச் சேர்ப்பது. டிஎல்பி என்பது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் லாரி ஹார்ன்பெக் 1987இல் உருவாக்கிய சில்லு: லட்சக்கணக்கான நுண்கண்ணாடிகள், ஒவ்வொன்றும் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை இப்படியும் அப்படியும் சாய்ந்து ஒளியைத் திரைக்கு அனுப்பும் அல்லது தள்ளிவிடும். வீட்டு மாடல்களில் பெரும்பாலும் ஒரே சில்லுதான் இருக்கும், நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், அதனால் கண்ணைச் சட்டென்று திருப்பினால் சிலருக்கு வானவில் கீற்று மாதிரி தெரியும். பழைய டிஎல்பியில் நிறச்சக்கரம் மெதுவாகச் சுற்றும், இந்தத் தொல்லை அதில் கூடுதல். உங்களுக்குத் தெரியாவிட்டாலும் வீட்டிலுள்ளவர்களுக்குத் தெரியலாம், வாங்கும் முன் அவர்களையும் உட்காரவையுங்கள். சோனி, ஜேவிசி செய்கிற மூன்றாவது வகை ஒன்று உண்டு, கறுப்புக்குப் பேர்போனது, விலையும் அப்படியே.

நம் ஊருக்கு இதில் எது? தூசியும் ஈரமும்தான் முடிவு செய்யும். எல்சிடியில் பேனல்களைக் குளிரவைக்க வெளிக்காற்று உள்ளே ஓடியாக வேண்டும், அதனால் ஃபில்டர் உண்டு, ஃபில்டரைக் கவனிக்காவிட்டால் தூசி ஏதாவது ஒரு பேனலில் போய் உட்கார்ந்து, இருட்டுக் காட்சியில் பச்சையாகவோ ஊதாவாகவோ கலங்கின ஒரு வட்டமாகத் தெரியும். ஃபோகஸை எப்படித் திருகினாலும் அது போகாது. டிஎல்பியில் சில்லு பெரும்பாலும் மூடின அறைக்குள் இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடிக்கிற பக்கம் வீடு என்றால் நான் டிஎல்பியைத்தான் சொல்வேன், இல்லையென்றால் மாதம் ஒரு தடவை ஃபில்டரைக் கழற்றி வேக்கூம் கிளீனரில் உறிஞ்சி எடுக்கிற பழக்கம் வேண்டும். குளச்சல், முட்டம் மாதிரிக் கடலோரம் என்றால் உப்புக்காற்று. லாம்ப்போ லேசரோ அதற்கு ஒன்றுதான், உள்ளேயிருக்கிற போர்டும் கனெக்டர்களும் அரிக்கும். கடல் பார்த்த ஜன்னலை மூடி வையுங்கள். மழைக்காலத்தில் பாலிதீன் கவரில் இறுக்கிக் கட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே நின்று லென்ஸில் பூசணம் பிடிக்கும், துணி போட்டு மூடுங்கள், வாரம் ஒரு தடவையாவது ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள், அந்தச் சூடே ஈரத்தை உலர்த்திவிடும். இடி இடிக்கும்போது பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, எச்டிஎம்ஐ கேபிளையும் கழற்றுங்கள். கேபிள் டிவி வயர் வழியாக வருகிற மின்னல் செட்டாப் பாக்ஸைத் தாண்டி புரொஜெக்டர் வரைக்கும் வரும்.

புள்ளிக் கணக்கு கொஞ்சம்தான். 1080பி என்றால் சுமார் 21 லட்சம் புள்ளி, 4கே என்றால் சுமார் 83 லட்சம். 100 அங்குலத் திரையில் 1080பியின் ஒரு புள்ளி ஒரு மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம் பெரிசு, சாதாரணப் பார்வை உள்ளவர் 13 அடி தள்ளி உட்கார்ந்தால் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க முடியாது. நம் மாடி அறைகளில் சோபா 10 அடியில் இருக்கும், அங்கே 4கேயின் கூர்மை தெரியும், ஆனால் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை. 120 அங்குலம் போனால்தான் அது கட்டாயமாகும். இன்னொன்று, குறைந்த விலை 4கே மாடல்களில் சில்லு 1080பிதான், அதை மின்னல் வேகத்தில் நான்கு இடத்துக்கு நகர்த்தி நான்கு மடங்குப் புள்ளி காட்டுகிறார்கள். ஏமாற்று இல்லை, பார்க்க நன்றாகவே இருக்கிறது. பழைய பெட்டியில் எச்டிசிபி 2.2 (படத்தைத் திருடாமல் தடுக்கிற பூட்டு முறை) இல்லாவிட்டால் ஓடிடியின் 4கே வராது, 1080பி வரும். ஃபயர் ஸ்டிக் ஒன்று செருகினால் ஸ்மார்ட் வசதியும் வந்துவிடும், அதற்காகப் புதுசு வாங்க வேண்டியதில்லை.

பழசு என்றே முடிவானால், பார்க்கப் போகும்போது பகலில் போகாதீர்கள். மெனுவில் லாம்ப் மணி நேரத்தைப் பாருங்கள், ஆனால் அதை நம்பிவிடாதீர்கள், லாம்ப் மாற்றாமலே அந்த எண்ணைப் பூஜ்யமாக்கலாம். சில மாடல்களில் மொத்த ஓட்டம் தனியாகக் காட்டும், அதைக் கேளுங்கள். போனிலேயே முழு வெள்ளை, முழுக் கறுப்பு இரண்டு படம் கொண்டுபோங்கள். வெள்ளையில் ஒரு பக்கம் மஞ்சளாகவோ நீலமாகவோ சாய்ந்தால் எல்சிடியின் உள்ளே இருக்கிற ஃபிலிம் சூட்டில் வெந்துவிட்டது, அது சரியாகாத நோய், எழுந்து வந்துவிடலாம். கறுப்பில் வெள்ளைப் பொட்டு பொட்டாகத் தெரிந்தால் டிஎல்பி சில்லில் கண்ணாடிகள் சிக்கிவிட்டன, நாலு பொட்டு நாற்பதாக நாள் ஆகாது. ஃபில்டரை அவர் முன்னாலேயே கழற்றிப் பாருங்கள், அதைப் பார்த்தாலே அவர் புரொஜெக்டரை எப்படி வைத்திருந்தார் என்று தெரிந்துவிடும். அரை மணி நேரம் ஓடவிட்டு ஃபேன் சத்தம் ஏறி ஏறி இறங்குகிறதா, தானாக அணைகிறதா என்று கவனியுங்கள்.

பேரம் பேசும் முன்பே அந்த மாடலுக்கு லாம்ப் இன்னும் கிடைக்கிறதா என்று தேடிவிடுங்கள், ஒரிஜினல் விலைக்கும் டூப்ளிகேட் விலைக்கும் பல மடங்கு வித்தியாசம் இருக்கும், டூப்ளிகேட்டில் சில நன்றாகவே ஓடும், சில ஆயிரம் மணி நேரத்திலேயே சிமிட்ட ஆரம்பிக்கும். மாட்டும்போது கண்ணாடியில் விரல் படக் கூடாது, எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் சூட்டில் விரியும். எப்போதாவது 'டப்' என்று வெடித்தால் பயப்பட வேண்டாம், பிளக்கைப் பிடுங்கி, ஜன்னலைத் திறந்துவிட்டு, அரை மணி நேரம் பிள்ளைகளோடு கீழே வந்துவிடுங்கள். உள்ளே இருப்பது பாதரசம், அளவு கொஞ்சம்தான் என்றாலும் அந்தத் துண்டுகளைக் குப்பைக் கிடங்கிலோ வாழைத்தோட்டத்திலோ வீச வேண்டாம், மூடி போட்ட டப்பாவில் அடைத்து மின்கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுங்கள்.